அக்காவுக்குத் தராதே

சிதம்பரம் தெற்கு வீதியில் இருந்த அந்த ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில், புடவைக் கட்டுகளுக்கு நடுவே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஜெயராணி. கடலூரில் ஒரு சின்ன நெட்வொர்க் கம்பெனியில் அவளுக்கு வேலை. கடையில் எங்கெங்கே வைஃபை சரியாக வரவில்லை என்று பார்த்துச் சரிசெய்துவிட்டு மாலைக்குள் ஊர் திரும்ப வேண்டும்.

அக்கம்பக்கத்துப் போன்கள் எந்தெந்த வைஃபையைத் தேடுகின்றன என்பதும் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஓட்டல், எதிர் லாட்ஜ், ஏதோ ஒரு டியூஷன் சென்டர். அவற்றுக்கு நடுவே ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ப் பெயர் வந்தது. அக்காவுக்குத் தராதே.

அவள் குனிந்து இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள்.

அது அவள் வீட்டு வைஃபையின் பெயர். அவளைச் சீண்டுவதற்காக அப்படிப் பெயர் வைத்தவன் தம்பி ராபர்ட். யார் போனிலும் தெரியாதபடி அந்தப் பெயரை மறைத்து வைத்தவனும் அவன்தான்.

"பேரே தெரியலன்னா எவன் திருடுவான்?" என்று அன்றைக்குப் பெருமையடித்துக்கொண்டான்.

"பாஸ்வேர்ட்தாண்டா பூட்டு. பேர மறைக்கறது வாசல்ல இருக்கற போர்டக் கழட்டறது மாதிரி. அப்புறம் உம் போனுதான் போற எடமெல்லாம் அந்தப் பேரச் சொல்லி, இருக்கியா இருக்கியான்னு கேட்டுக்கிட்டுத் திரியும்" என்றாள் அவள். அவன் கேட்கவில்லை.

ராபர்ட் செத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பண்ருட்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பைக்கில் கிளம்பியவன், சம்பந்தமே இல்லாமல் சிதம்பரம் ரோட்டில், பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் இடத்தில் லாரியில் அடிபட்டுக் கிடந்தான். அவன் போன் அங்கேயே நொறுங்கிப் போனது. வீட்டு இணைப்பையும் அந்த மாதமே துண்டித்துவிட்டார்கள். அம்மாவின் போன் சாதா போன். ஜெயராணியும் போனை மாற்றிவிட்டாள். அந்தப் பெயரைத் தேட இந்த உலகத்தில் எந்தப் போனும் மிச்சமில்லை.

ஆனாலும் அது திரும்பத் திரும்ப வந்தது. தம்பியே எங்கோ புடவைக் கட்டுகளுக்குப் பின்னால் நின்று கூப்பிடுவதுபோல இருந்தது அவளுக்கு. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மெல்ல நடந்தாள். படிக்கட்டுப் பக்கம் போகப்போக சிக்னல் ஏறியது. கீழ்த்தளத்தில், கடையில் வேலைபார்க்கும் பெண்கள் பையும் போனும் வைக்கும் அறை வாசலில் உச்சத்துக்குப் போய் நின்றது.

சாப்பாட்டு நேரம். பெண்கள் ஒவ்வொருவராக வந்து போனை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒல்லியாக, வெளிர்நீலச் சீருடைப் புடவையில் ஒருத்தி போனை எடுத்துக்கொண்டு பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போனதும் சிக்னலும் அவள் பின்னாலேயே போனது.

ஜெயராணி அவள் முன்னால் போய் நின்றாள். "ராபர்ட்டத் தெரியுமா உனக்கு?"

அந்தப் பெண் டிபன் டப்பாவைத் திறக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க... ஜெயா அக்காவா?"

அவள் பெயர் சுவாதி. கிள்ளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். மீன்பிடிக் குடும்பம். மதமும் சாதியும் வேறு என்பதால் அவளும் ராபர்ட்டும் தங்கள் காதலை இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தார்கள். ஜெயராணியும் அம்மாவும் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தபோது ஒரே ஒரு தடவை சுவாதி கடலூர் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"அன்னிக்கு அவுருதான் எம் போன்ல வைஃபை போட்டுக் குடுத்தாரு. பேரு காட்டாது, நாமதான் டைப் பண்ணணும்னு சொன்னாரு. அதப் படிச்சிட்டு ரொம்ப நேரம் சிரிச்சோம்."

ஜெயராணி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். சுவாதி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லல அக்கா நான். இத்தினி நாளா எம் போனே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்துதா?"

"மறைச்சி வெச்சதனாலதான் அப்பிடி. மத்த வைஃபைங்க தானாப் பேரச் சொல்லிடும், போனு கேட்டுட்டுச் சும்மா இருக்கும். இது சொல்லாது. அதனால போனு கேட்டுக்கிட்டே இருக்கும்."

"யாரு வேணும்னாலும் பாக்கலாமா?"

"என்ன மாதிரி இதுக்கான சாப்ட்வேர் வெச்சிருக்கறவுங்க எல்லாரும் பாக்கலாம்."

சுவாதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயராணி லேப்டாப்பை மூடினாள்.

"அன்னிக்கு உன்னப் பாக்கவா வந்தான்?"

"சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கச் சொன்னாரு. பொழுது சாயற வரைக்கும் நின்னேன். போன் போகல. கோச்சிக்கிட்டாருன்னு நெனச்சேன். மறுநாள் டீக்கடையில, பேப்பர்ல போட்டோ இருந்துது."

ஜெயராணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு போனை வாங்கி, அந்தப் பெயர் இருந்த இடத்தைக் காட்டினாள். "அழிச்சிடும்மா. உனக்கு நல்லதில்ல."

"நீங்களே பண்ணிடுங்க அக்கா. என்னால ஆகாது."

ஜெயராணி அழித்தாள். ராபர்ட் சிரித்த படமொன்று போனில் இருந்ததை அப்போது பார்த்தாள். அதை மட்டும் தனக்கு அனுப்பிக்கொண்டாள். மாடிக்குப் போய் மீதி வேலையை முடிக்கும் வரைக்கும் அவள் கண் அடிக்கொருதரம் திரைக்குப் போனது. ஓட்டல் வந்தது, லாட்ஜ் வந்தது. அது வரவே இல்லை. ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போகக்கூடாதா என்று ஏங்கியது மனது. அப்படி ஏங்குவதே அவளுக்குப் பயமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த ரோட்டில் அவனுக்கு என்ன வேலை என்று இரண்டு வருஷமாக அவள் கேட்காத ஆளில்லை. ஜெயராணி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. திட்டுவாள் என்றுதான் ஜெயராணி நினைத்தாள்.

"அந்தப் புள்ள எம்மா நேரம் நின்னுச்சாம்?"

"பொழுது சாயற வரைக்கும்."

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தாள். "சாப்டாம நின்னிருக்கும்" என்றாள். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, மகன் செத்த அன்றைக்கு அழுததுபோலவே சத்தம் போட்டு அழுதாள்.