பன்னிரண்டு நாள் பங்கு

இறந்துபோன சுங்க அதிகாரி லோயிக் மதெக், ஒவ்வொரு மாதமும் முதல் பதினெட்டு நாட்களை முதல் மனைவி அர்மெல் வீட்டிலும், அடுத்த பன்னிரண்டு நாட்களை இரண்டாம் மனைவி சொலென் வீட்டிலும் கழித்தான். அர்மெலுடன் அவன் வாழ்ந்தது பதினெட்டு ஆண்டுகள். விவாகரத்துக்குப் பின் சொலெனுடன் பன்னிரண்டு. அரசு குடும்ப ஓய்வூதியத்தை அந்த விகிதத்தில்தான் இருவருக்கும் பிரித்துக் கொடுத்தது. அவனும் அப்படியே வந்தான். துவார்னெனே துறைமுகத்தில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. பத்தொன்பதாம் தேதி காலை சீருடையில், சிறு பையோடு சொலென் வீட்டுப் படியேறுவான். பேச மாட்டான். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழைப் புரட்டுவான். அவன் பக்கத்தில் வைத்த வெண்ணெய் ஆகஸ்ட் கோடையிலும் இளகாது. முப்பத்தொன்றாம் தேதி வரும் மாதங்களில் அந்த ஒரு நாள் அவன் யாருக்கும் சொந்தமில்லை. சுங்கக் கொட்டகை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

தினமும் பேருந்தில் மத்தி மீன் டப்பா ஆலைக்கு வேலைக்குப் போன சொலெனுக்கு அந்த ஓய்வூதியப் பங்கு இல்லாமல் வாடகை கட்ட முடியாது. மறுமணம் செய்தால் அது நின்றுவிடும். ஊரறிய ஒருவனோடு குடித்தனம் நடத்தினாலும் நின்றுவிடும். ஆகவே அவள் காதலன், அந்தப் பேருந்தின் ஓட்டுநர் கில்தாஸ், மூன்று வருடங்களாக மற்ற பதினெட்டு நாட்களில் மட்டும், காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினான். பல் தேய்க்கும் பிரஷைச் சட்டைப்பையில் கொண்டுவந்து, அதிலேயே திரும்ப எடுத்துப் போனான். சொலென் ரொட்டிக் கடையில் ஒருத்திக்கு ஆகிற அளவுதான் வாங்கினாள். “ஏன் சொலென், உன் வீட்டுப் பூனை நாப்பத்து நாலாம் நம்பர் ஆம்பள ஷூ போடுதா?” என்று எதிர்வீட்டுக்காரி கேட்டபோது அவள் முகம் காது வரை சிவந்தது.

கடைசியில் கில்தாஸ் சொன்னான்: “செத்தவன் பூட்ஸ் சத்தத்தோட வர்றான். உயிரோட இருக்குற நான் வெறுங்கால்ல வரணுமா? கட்டிக்கோ, இல்ல விட்டுடு. வாடகைய நான் பாத்துக்கிறேன்.”

சொலென் அர்மெல் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே, லோயிக்கை மாதம் முழுக்க வைத்துக்கொள்ள முடியுமா என்று தரையைப் பார்த்துக் கேட்டாள். அர்மெல் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை. “கூட்டிட்டுப் போறப்ப என்கிட்ட கேட்டியா? இப்ப மட்டும் என்ன கேள்வி? எனக்கு என் பதினெட்டு நாள் போதும்.”

சொலென் கில்தாஸைக் கட்டிக்கொண்டாள். பங்கு நின்றது. அந்த மாதம் பத்தொன்பதாம் தேதி லோயிக் மாடி வரை வந்து, கதவில் இருந்த புதிய பெயரைப் படித்துவிட்டு, தட்டாமல் இறங்கிப் போனான். கொட்டகை பெஞ்சில் மழையில் உட்கார்ந்தான். அவன் நனையவில்லை, பார்ப்பவர்களுக்குத்தான் சங்கடமாக இருந்தது. மூன்றாம் நாள் கில்தாஸ் பேருந்தை அங்கே நிறுத்தி முன்கதவைத் திறந்தான். லோயிக் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் அமர்ந்தான். அதிலிருந்து மாதத்தில் பன்னிரண்டு நாட்கள், முதல் நடை தொடங்கிக் கடைசி நடை வரை அங்கேதான் இருக்கிறான். கில்தாஸ் டிக்கெட் கேட்பதில்லை. கோடையில் லோயிக்கின் பக்கத்து இருக்கைக்குப் போட்டி உண்டு.

அந்தப் பன்னிரண்டு நாட்களும் சொலென் ஆலைக்கு நடந்தே போகிறாள்.