பாவோடித் தெரு முக்கு

ரயில் கோவில்பட்டியைத் தாண்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஹமீது பீவி கண்ணை மூடிவிட்டாள். தம்பி அசன் மைதீனுக்குச் செய்தி மணியாச்சியில்தான் கிடைத்தது. அக்கா மகள் அஸ்ஃபியா போன் செய்தாள்.

"மாமா, சுபுஹு பாங்கு சொல்லுத நேரத்துல உம்மா மவுத்தாயிட்டாக. நீங்க பதறாம வாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறந்தான் எடுப்போம்."

சீக்காகக் கிடந்த அக்காவைப் பார்க்கத்தான் கிளம்பி வந்தார். இனிப் புதைக்கத்தான் போக வேண்டும். மேல் பெர்த்தில் ஒருவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவனை எழுப்பிச் சண்டை போட வேண்டும்போல் இருந்தது அசன் மைதீனுக்கு.

அவருக்கு வயது அறுபத்து நான்கு. முப்பது வருஷம் மஸ்கட்டில் உழைத்துவிட்டு, இப்போது சென்னையில் மகன் வீட்டோடு இருக்கிறார். முட்டுவலியைச் சாக்குச் சொல்லியே ஊர்ப்பக்கம் வந்து ஒன்பது வருஷமாகிவிட்டது. ஆனால் ஊரைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. மஸ்கட்டில் ஒரே அறையில் ஆறு பேராகப் படுத்திருந்த காலத்தில், விளக்கை அணைத்ததும் திருநெல்வேலியைத் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டே போவார். ஜங்ஷனில் இறங்கினால் என்ன வாசனை வரும், பாலத்தில் ஏறினால் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். மற்ற ஐந்து பேரும் தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள். பாவம், கேட்டுத்தான் தீர வேண்டியிருந்தது.

ஜங்ஷனில் இறங்கி மேலப்பாளையத்துக்கு ஆட்டோ பிடித்தார். ஏறி உட்கார்ந்ததிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் திட்ட ஆரம்பித்தார். துக்கத்தை அவருக்கு அப்படித்தான் காட்டத் தெரியும். சாக்கடைக்கு மேல் பலகை போட்டுக் கடை. கடைக்கு முன்னால் தகரக் கூரை. கூரைக்கு முன்னால் வண்டிகள். வண்டிகளுக்கு முன்னால் ஒரு பெண் நடக்க இடமில்லாமல் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் போய்க்கொண்டிருந்தாள்.

ஆற்றுப் பாலத்தில் ஆட்டோவை ஓரங்கட்டச் சொன்னார். அந்தக் காலத்தில் இந்தக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் மணலும் தண்ணீருமாகத் தெரியும். தண்ணீருக்கடியில் கிடக்கும் கல்லை மேலிருந்தே எண்ணலாம். இப்போது அமலைச் செடி கரையிலிருந்து கரை வரை பச்சையாய் மூடிக் கிடந்தது. ஒரு மூலையில் கறுப்பாகச் சாக்கடை வந்து கலந்துகொண்டிருந்தது. அக்கா இறந்த செய்தி கேட்டு வராத அழுகை அங்கே வந்தது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

"ஊரையே தின்னுட்டானுவ" என்றார், ஆட்டோவில் ஏறிக்கொண்டே. "ஆளுக்கு ரெண்டடி, ஆளுக்கு ரெண்டடின்னு வச்சே தின்னு முடிச்சிட்டானுவ."

"எல்லாரும் சேந்து பண்ணதுதான பெரியவரே" என்றார் ஆட்டோக்காரர்.

"எல்லாரையும் சேக்காதீரும்வே" என்று எரிந்து விழுந்தார் அசன் மைதீன்.

பாவோடித் தெரு என்று பெயர் வந்ததே அதன் அகலத்தால்தான். தறி ஓடிய காலத்தில் நெசவுக்கான பாவு நூலைத் தெரு நெடுக விரித்துக் கட்டுவார்கள். கட்டிய பிறகும் இரண்டு பக்கமும் ஆள் போய்வர வழி இருக்கும். அப்படி அளந்து விட்ட தெரு அது. இப்போது வீட்டுக்கு வீடு வாசற்படியை முன்னால் தள்ளி, சரிவு போட்டு, மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்ததால், ஆட்டோ உள்ளே வர மாட்டேன் என்று பஜார் முனையிலேயே நின்றுவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தெருவின் மறுமுனையில், அக்கா வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி, ஒரு முக்கு உண்டு. அங்கே திரும்பினால் ஒரு சிறு சந்து. சந்து முடிந்தால் பாளையங்கால்வாய்க் கரை. கரையோடு போனால் பள்ளிவாசலும் அதை அடுத்து, இறந்தவர்களைப் புதைக்கும் மையவாடியும்.

அக்கா கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் சின்ன உருவமாய்க் கிடந்தாள். எழுபத்தைந்து வயது. ஒன்பது வயதில் தாயை இழந்த அவரை வளர்த்தவள் அவள்தான். முகத்தைப் பார்த்துவிட்டு, தலைமாட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

அஸ்ஃபியா அருகே வந்து உட்கார்ந்தாள். "மாமா, உம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாக. 'என்னய வண்டில ஏத்திராதீக. உம்மாவையும் வாப்பாவையும் கொண்டுபோன மாதிரி முக்குத் திருப்பி, வாய்க்காக்கரை வழியாத் தோள்ல கொண்டுபோகணும்'னாக."

அசன் மைதீனுக்கு அது ஏன் என்று தெரியும். அந்தத் தெருவில் பெண்கள் மையத்தோடு மையவாடிக்குப் போவதில்லை. நடைவாசலில் நின்றுவிடுவார்கள். மையத்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு ஆண்கள் போவார்கள். முக்குத் திரும்புகிறவரைதான் பெண்களின் கண்ணுக்குத் தெரியும். உம்மா மவுத்தான அன்று அவர் சந்தூக்கின் பின்னாலேயே ஓடிப்போய்விட்டுத் திரும்பி வந்தபோது, அக்கா அவரை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டாள். "முக்குக்கு அந்தாண்ட எப்படிலே கொண்டுபோனாக?" வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போனது, கரையில் மருதமர நிழல் இருந்தது, தோள் மாற்றும்போது ஒருவரும் பேசவில்லை என்று அவர் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வாப்பாவுக்கும் அப்படித்தான். அவள் மாப்பிள்ளைக்கும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் முக்குக்கு அப்பால் நடந்ததை அவர் வந்து சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். நடந்து போகும் வழிதான் அது, தினமும் போகிறவள்தான். ஆனால் சந்தூக்கு போன வழியாக அது எப்படி இருந்தது என்பது வேறு.

"கொண்டுபோவோம்மா" என்றார். "இதுல என்ன இருக்கு."

அஸ்ஃபியா தயங்கினாள். "ரெண்டு வருசமா எல்லாரும் பஜார்ப் பக்கமா வண்டிலதான் கொண்டுபோறாங்க மாமா. நானும் உம்மாட்ட சொன்னேன். 'அசன் வந்தா திருப்பிருவான்'னு சொல்லிட்டாக."

பள்ளிவாசல் மோதினார் பாவா சந்தூக்கோடு வந்தபோது அவரும் அதையே சொன்னார். "முக்குல திரும்பாது பாய். சந்து ரொம்ப ஒடுக்கம். வண்டிக்குச் சொல்லிட்டேன், பஜார் முனையில நிக்கும்."

"நீங்கள்லாம் சோம்பேறி ஆயிட்டீக" என்றார் அசன் மைதீன். "நான் இந்தத் தெருவுல வளந்தவன். எனக்குத் தெரியாத முக்கா?"

பாவா அஸ்ஃபியாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த சுடலையாண்டி தொண்டையைச் செருமினார். அந்தத் தெருவில் பாதி வீடுகளைக் கட்டிய பழைய கொத்தனார் அவர். ஹமீது பீவி கையால் நோன்புக் கஞ்சி வாங்கிக் குடிக்காத வருஷம் கிடையாது என்று இழவுக்கு வந்திருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அக்காவை இழந்து வந்திருக்கிற பெரிய மனுஷனிடம் எதைப் போய்ச் சொல்வது என்று மூன்று பேரும் நினைத்தார்கள். மரியாதை அந்த ஊரில் பல காரியங்களைக் கெடுத்திருக்கிறது.

அஸருக்குப் பிறகு எடுத்தார்கள். முன்வரிசையில் வலது பக்கம் அசன் மைதீன் தோள் கொடுத்தார். முட்டி விண்விண்ணென்று தெறித்தது. கலிமாவைச் சொல்லிக்கொண்டு, வண்டிகளுக்கும் படிகளுக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு நான்கு வீடு தாண்டினார்கள். பின்னால் நடைவாசலில் பெண்கள் நின்றார்கள்.

முக்கு வந்தது. திரும்பினார்கள். சந்தூக்கின் முன்தண்டு டக்கென்று எதிலோ இடித்தது.

"பைய, பைய" என்றார் பாவா. பின்வாங்கி, கொஞ்சம் சரித்துத் திருப்பினார்கள். இப்போது பின்தண்டு எதிர்ச்சுவரில் முட்டியது. தலைக்கு மேலே தூக்கினார்கள். சன்ஷேடு இடித்தது, தொங்கிய கேபிள் வயர் ஒன்று சந்தூக்கின் மேல் கிடந்த பச்சைப் போர்வையில் மாட்டிக்கொண்டது. இறக்கி மறுபடி தோளில் வைத்தார்கள். மூன்றாவது தடவை தள்ளியபோது அசன் மைதீனின் புறங்கை தண்டுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கித் தோல் வழன்றது. உள்ளே அக்கா அசைவதைத் தோளில் உணர்ந்தார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"எவன் கட்டுனான் இந்தத் திண்ட?" என்று சந்தின் எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினார். அந்த வீட்டுக்காரர் கூட்டத்தில்தான் நின்றார். இரண்டு வருஷத்துக்கு முன்பு வெள்ளம் வந்து வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்ற பிறகு, தரையை உயர்த்தி வாசலில் திண்டு போட்டிருந்தார். "மையத்துப் போற வழில திண்டு கட்டியிருக்கீரே, உமக்கு அல்லாவுக்குப் பயமில்லையா?"

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

சுடலையாண்டிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார். "பாய், அந்தத் திண்டு ஒண்ணரை அடிதான். சந்து எட்டடி. நம்ம படி மூணேகால்."

அசன் மைதீன் திரும்பிப் பார்த்தார். எதில் முட்டி நிற்கிறோம் என்பதை அப்போதுதான் பார்த்தார். பச்சை வண்ணம் அடித்த மாடிப்படி. முக்கு வீடு அவருடையது. மஸ்கட்டிலிருந்து அனுப்பிக் கட்டிய வீடு. இப்போது கீழும் மேலும் வாடகைக்கு விட்டிருக்கிறார்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம். அப்போதெல்லாம் ஊரில் இருப்பவர்கள் கேசட்டில் பேசி, மஸ்கட் வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். அக்காவின் கேசட் வந்தது. பிள்ளைகள் சுகம், மழை இல்லை என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னாள். "கொத்தனாரு மாடிப்படியச் சந்துல எறக்கப் போறேன்னு சொல்லுதாரு. முக்குல வேண்டாம் தம்பி. சந்தூக்கு திரும்ப எடம் வேணும்லா." அறையில் மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பதில் கேசட்டில் பேசினார். "இப்ப யாரு லாத்தா மவுத்தாகப் போறா? எல்லாரும் எறக்குதாக, நாமளும் எறக்குவோம்."

அதற்குப் பிறகு அக்கா அந்தப் படியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

"பாய், தோள் மாத்துங்க, கையில ரெத்தம் வருது" என்றார் பாவா. அசன் மைதீன் மாற்றவில்லை. "திருப்புங்க" என்றார். மறுபடி சொன்னார். "வண்டிக்கே கொண்டுபோவோம். திருப்புங்க."

சந்தூக்கைச் சுற்றித் திருப்பவும் இடமில்லை. தூக்கியவர்கள்தான் ஒவ்வொருவராக நின்ற இடத்திலேயே திரும்பி நின்றுகொண்டார்கள். முன்னால் நின்றவர்கள் பின்னால் ஆனார்கள். வாசலை விட்டுப் போன மையத்து அதே வாசலுக்குத் திரும்பி வந்ததை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. நடைவாசலில் நின்ற பெண்களின் அழுகை சட்டென்று அடங்கியது. அஸ்ஃபியா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையைச் சந்தூக்கை நோக்கி நீட்டினாள். தொட எட்டவில்லை. கடந்து போய்விட்டார்கள்.

பஜாரில் வண்டி ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் வெகுநேரம் நின்றது. லாரிக்காரனும் ஒரு கடைக்காரனும் யார் பின்வாங்குவது என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். அசன் மைதீன் வண்டிக்குள் அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் யாரையும் திட்டவில்லை.

மண் தள்ளிவிட்டு, மஃரிப் தொழுதுவிட்டுக் கால்வாய்க்கரை வழியாகத் தனியாக நடந்து வந்தார். மருதமரம் இல்லை. தண்ணீரில் பிளாஸ்டிக் பைகள் மிதந்தன. சந்துக்குள் நுழைந்து படியருகே வந்தபோது, அதற்கும் திண்டுக்கும் நடுவே ஓராள்தான் நடக்க இடமிருந்தது. சுடலையாண்டி அங்கே காத்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் அன்னைக்கே ஒங்ககிட்ட அழுத்திச் சொல்லியிருக்கணும் பாய்" என்றார்.

"சொன்னாளே கொத்தனாரே. அவ சொன்னாளே" என்றார் அசன் மைதீன்.

"இடிச்சிருவோமா? நாளைக்கே ஆள் கூட்டியாறேன்."

"இனி யாருக்கு?" என்று கேட்டார். சுடலையாண்டி தெருவைத் திரும்பிப் பார்த்தார். அந்தத் தெருவில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். "கூட்டியாரும்" என்று சொல்லிவிட்டு அசன் மைதீன் நடந்தார்.

வீட்டில் கூடம் கழுவிவிட்டிருந்தது. அஸ்ஃபியா அவர் கையில் மருந்து போட்டு, துணி சுற்றிக் கட்டினாள். கட்டி முடித்துவிட்டு, ஏதோ நினைத்துக்கொண்டவளாய்க் கேட்டாள்.

"திரும்பியிருந்தா முக்குக்கு அந்தாண்ட எப்படி மாமா இருந்திருக்கும்? உம்மா, நீங்க சொன்னதத்தான் எப்பவும் சொல்லிட்டு இருப்பாக. தண்ணி, மருதமரம்லாம்."

அவர் வாயைத் திறந்தார். தண்ணீர் நிறையப் போயிருக்கும் என்று சொல்லிவிடலாம். இதுவரை சொன்னவர்தானே.

"அந்தாண்ட கொண்டுபோகவே இல்லம்மா" என்றார். "முக்குல நிப்பாட்டிட்டேன். என் படிதான்."

"தெரியும் மாமா" என்றாள் அஸ்ஃபியா. "எங்க எல்லாருக்கும் தெரியும். உம்மாதான் ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாக. 'தம்பி ஆசைப்பட்டுக் கட்டுன வீடு, மனசு வருத்தப்படுவான்'னாக."

அசன் மைதீன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்பது வயதில் அழுத மாதிரி சத்தம் போட்டு அழுதார். அன்றைக்கு மடியில் இழுத்து வைத்துக்கொள்ள அக்கா இருந்தாள்.