நோயாளியின் வலப்பக்கம்

1

இந்தக் கதை ஒரு சொற்பட்டியலிலிருந்து வந்தது. சிரம்பானில் தாதியர் வகுப்பு ஒன்றுக்காக, உடலின் பகுதிகளுக்கும் உள்ளே இருக்கும் குழிகளுக்கும் திசைகளுக்கும் தமிழ்ச் சொற்களைத் தொகுத்துத் தரச் சொல்லியிருந்தார்கள். மண்டையோட்டுக் குழி, மார்புக் குழி, வயிற்றுக் குழி, இடுப்புக் குழி. முன்புறம், முதுகுப்புறம். நடுக்கோட்டை ஒட்டி, நடுக்கோட்டை விட்டு விலகி. மதிய வெயிலில் எழுதிக்கொண்டிருந்தபோது, ஓர் ஆளுக்குள் இத்தனை அறைகளும் திசைகளும் இருப்பது கனவில் மட்டும் போய்வரும் ஒரு வீட்டைப் போலத் தோன்றியது.

பட்டியலைச் சரிபார்த்தவர் திலகம். ஓய்வுபெற்ற தாதி, அதே ஊரில் தெமியாங் பகுதியில் இருக்கிறார். ‘வலது’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: “யாருடைய வலது? எப்போதும் நோயாளியுடையது.” இரண்டு முறை அடிக்கோடு. ஏன் என்று கேட்டேன். தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். பத்து நிமிடம் கூட இருக்காது. மிச்சம் நான் இட்டு நிரப்பியது.

2

“மூங்கில் புதர்களின் மீது பனி இன்னும் —”

(வேண்டாம். பனி என் அலங்காரம்.)

1943. ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். வெள்ளைக்கார டாக்டர் போய்விட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மிஞ்சியவர், டாக்டருக்கு உதவியாக மருந்து கொடுத்துவந்த டிரசர் துரைசிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். திலகத்தின் அப்பா. ஜப்பான்காரர்கள் லாரியில் வந்து, சயாமில் ரயில்பாதை போட ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை.

ரப்பர் பால்வெட்டுக்காரி நீலாவதியின் கணவன் முருகையா, லாரி வருவதற்கு முன்பே சதுப்புக் காட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டான். அவள் மரவள்ளிக்கிழங்கு தோண்டப் போவதுபோலக் கூடையோடு போய்ச் சோறு கொடுத்துவிட்டு வருவாள். மழையில் நனைந்து அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாவது வாரம் மூச்சு விட முடியவில்லை. அவள் டிரசரிடம் வந்து நின்றாள். வந்து பாருங்கள் ஐயா என்று கேட்டாள்.

அவர் போகவில்லை.

3

இங்கேதான் என் கதாபாத்திரம் கையை விட்டு நழுவியது. ஏன் போகவில்லை? முதல் வரைவில் நான் அவர் காலை உடைத்துவைத்தேன். “சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததில் முழங்காலுக்குக் கீழே —” அந்தப் பக்கத்தைத் திலகத்திடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“அப்பாவுக்குக் காலிலை ஒண்டும் இல்லை. பயம். ஒளிச்சவனுக்கு மருந்து குடுத்தா தலை போயிடும் எண்டு பயம். அதை எழுதும், தம்பி.”

அழித்தேன். கால் நேராகிவிட்டது.

(எலும்பைக் கூட்டுவது எழுதுகிறவனுக்குச் சுலபம். பயத்தை —)

4

போகாதவர் வேறொன்று செய்தார். எந்தப் பக்கம் வலி என்று கேட்டார். நீலாவதி தன் இடது மார்பைத் தொட்டுக் காட்டினாள். நீ அவனுக்கு எதிரே நின்றுதானே பார்த்தாய் என்று கேட்டார். ஆமாம் என்றாள். அப்படியென்றால் அது அவனுடைய வலது. அவள் கண்ணை மூடி, காட்டுக்குள் போய் அவன் இருந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தாள். குழம்பினாள்.

“பின்னாலை போய் நில்,” என்றார் துரைசிங்கம். “அப்ப உன்ர வலமும் அவன்ர வலமும் ஒண்டு.”

பாதி தண்ணீர் ஊற்றிய மண்ணெண்ணெய் டின்னை விரலால் தட்டச் சொன்னார். மேலே வெறுமையாக ஒலித்தது; கீழே அடைத்துக்கொண்டு. அவன் முதுகையும் அப்படியே தட்டிக் கேட்டு வா என்று அனுப்பினார். மறுநாள் வந்து சொன்னாள்: வலது முதுகில், தோள்பட்டை எலும்பின் கீழ்நுனிக்குக் கீழே அடைத்த சத்தம். நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவே சீழ் கட்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

ஊசி குத்தி எடுக்கவேண்டும். அதற்கும் அவர் போகவில்லை. சொற்களைக் கொடுத்தார். உடம்புக்குள் மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை, நடுவில் மூச்சோடு ஏறி இறங்கும் ஒரு தசைத்தளம். அதற்குக் கீழே போனால் ஈரல். விலாவின் அடியில் ரத்தக்குழாய் ஓடுகிறது; ஆகவே விலாவுக்கு மேலே குத்து என்றார்.

“விலா மேலயா ஐயா, விலாவுக்கு மேலயா?” என்று கேட்டாள் நீலாவதி.

(என் பட்டியலில் நான் நான்கு நாள் தடுமாறியது இந்த ‘மேல்’ என்ற சொல்லில்தான்.)

அவர் சட்டையைத் தூக்கி, அவள் விரலைப் பிடித்துத் தன் விலாவில் வைத்தார். எலும்பின் மேல்விளிம்பைத் தாண்டியதும் விரல் லேசாக உள்ளே அமிழ்ந்தது. “இங்கை.” அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறேன். அது என் கற்பனை. கொதிக்கவைத்த ஊசியையும் மிச்சமிருந்த மாத்திரைகளையும் துணியில் சுற்றிக் கொடுத்தார். அது நடந்தது.

5

காலைத் தூறலில் முருகையா விழுந்த மரமொன்றில் உட்கார்ந்து, சாக்குமூட்டைமேல் குனிந்திருந்தான். நீலாவதி பின்னால் நின்றாள். இருவரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். சதுப்பு நீரில் மரங்கள் தலைகீழாக நின்றன. மேலும் கீழும் இடம் மாறிக் கிடந்த அந்த உலகத்தில் வலது மட்டும் அவளுக்கு உறுதியாக இருந்தது. விலாக்களை விரலால் எண்ணினாள்.

“நீலா, பின்னாலதான் இருக்கியா?”

“இருக்கேன். இருமாதீங்க.”

பத்து வருடம் ரப்பர் மரப்பட்டையைச் சீவியவள். பட்டை முடிந்து கட்டை தொடங்கும் இடத்தில் தானாக நிற்கும் கை. ஊசி தோலைத் தாண்டியது, சதையை அழுத்தியது, திடீரென்று தடையில்லாமல் வழுக்கியது. அங்கே நிறுத்தினாள். மஞ்சளாகச் சீழ் வந்தது. இழுத்து இழுத்துத் தேங்காய்ச் சிரட்டை நிறைய எடுத்தாள். அவன் சாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு நெடுநேரம் கழித்து, முழுதாக ஒரு மூச்சை இழுத்தான். அவள் அப்போதுதான் அழுதாள், சத்தம் வராமல், அவனுக்குப் பின்னாலேயே நின்று.

இன்னும் மூன்று முறை அப்படிச் செய்தாள். இரண்டு மாதத்தில் அவன் நடந்தான்.

6

முடிவுகள்.

(அ) டிரசரையும் சயாமுக்கு ஏற்றிவிட்டார்கள். எழுதிக் கிழித்துப்போட்டேன், அவரைத் தண்டிக்க நான் யார்.

(ஆ) நான்காவது முறை அவரே காட்டுக்குப் போனார். திலகம் தலையாட்டி மறுத்தார்.

நடந்தது இது. சண்டை முடிந்து துரைசிங்கம் தெமியாங்கில் குடியேறினார். 1946இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நீலாவதியும் முருகையாவும் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். கதவைத் திறந்தவர் அவர் மனைவி சின்னாச்சி. உள்ளறையிலிருந்து அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: “நான் இல்லையெண்டு சொல்லு.”

வாசலில் அது கேட்டதா என்று தெரியாது. நீலாவதி சொன்னது இவ்வளவுதான்: “பரவால்லம்மா. நாங்க இருக்கோம்.” இருவரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். சின்னாச்சி கோப்பி கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று திலகத்துக்குத் தெரியும். அவருடைய அம்மா சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, சொன்னால் எழுதிவிடுவேன் என்றார். அது சரிதான்.

ஆகவே துரைசிங்கம் இன்னும் உள்ளறையில் இருக்கிறார். சட்டையை மாட்டிக்கொண்டுவிட்டார், அதுவரை எழுத என்னால் முடிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், வாசற்படியில், முருகையா உட்கார்ந்து மூச்சு விடுகிறான். அது உள்ளே கேட்கிறது. தாழ்ப்பாளின் மேல் அவர் கை இருக்கிறது. அந்தக் கையை நான் அசைக்கப்போவதில்லை. நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.