அசையாமல் ஒரு மணி நேரம்

தேவானையின் போன் விடிகாலை நாலு மணி அலாரத்தை விழுங்கிவிடுகிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நெடுஞ்செழியன் அதை நிரூபித்தாக வேண்டும். அன்று செவ்வாய்.

தேவானை அவனுடைய அக்கா. கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்த குடிசையை எடுத்துவிட்டு, பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து அடையாறு மெஸ்ஸுக்கு ஐந்தரைக்கு வந்து இட்லி ஊற்ற வேண்டுமென்றால் நாலு மணிக்கு எழுந்தே ஆக வேண்டும். மூன்று தடவை பிந்திவிட்டாள். மெஸ் நடத்தும் இசக்கியம்மாள் அதிகம் பேசுகிறவள் இல்லை. "இன்னொரு நாள் பிந்துனேன்னா வேற ஆளு வச்சிருவேன், பாத்துக்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

டைம்பீஸ் வாங்கிப் பார்த்தாயிற்று. ரங்கநாதன் தெருச் சரக்கு. முதல் நாள் அது அடித்த அடியில் எட்டாவது மாடியே எழுந்து வந்து கதவைத் தட்டியது. இரண்டாம் நாள், நைட் டியூட்டி முடிந்து அப்போதுதான் படுத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் அதைத் தூக்கிக் கீழே போட்டார். விழும்போதும் அடித்துக்கொண்டே போனதால், ஏழாவது மாடியிலிருந்து முதல் மாடி வரை அவரவர் முறை வந்தபோது விழித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு, தலைமாட்டில் தரையில் வைத்த போன்தான். மெல்ல அடித்தால் அவளுக்கு மட்டும் கேட்கும். அடித்தால்தானே? பேட்டரியை மிச்சம்பிடிக்கிறேன் என்று அது அலாரத்தையும் அமுக்கிக்கொண்டு தூங்கியது.

ஆகவே மூன்று வாரமாக நெடுஞ்செழியனே நாலு மணிக்குக் கூப்பிட்டு அவளை எழுப்பினான். தன் போன் மேலும் நம்பிக்கை போய்விட்டதால் அதுவரை தூங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"நீ போன் ஆபீஸ்லதான நைனா வேலை செய்ற? ஒழுங்கா அடிக்கிற மாரி பண்ணக் கூடாதா?" என்றாள் தேவானை.

"நான் போன் செய்றதில்லக்கா. போனுக்கு டெஸ்ட் எழுதறேன்."

"போனுக்கு இன்னாடா டெஸ்ட்டு? அது இஸ்கூலுக்கா போவுது?"

கிட்டத்தட்ட அப்படித்தான். போனை ஓட்டுகிற இயங்குதளம் ஒன்றுதான்; அதை எடுத்து எந்தக் கம்பெனியும் போன் செய்யலாம். ஆனால் அதன் பெயரைப் போட்டு விற்க வேண்டுமென்றால் லட்சக்கணக்கான இணக்கச் சோதனைகளில் ஒன்றில்கூடத் தோற்கக் கூடாது. புதிய சோதனையை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ரிவ்யூவர் ஒப்புக்கொண்டால் அது எல்லாக் கம்பெனிக்கும் சட்டம். நெடுஞ்செழியன் எழுதியது எளிமையானது. போனைத் தூங்க விடு. ஒரு மணி நேரம் கழித்து அலாரம் அடிக்கிறதா என்று பார். அடிக்காவிட்டால் கம்பெனி அதைச் சரிசெய்யாமல் அடுத்த பதிப்பை வெளியிட முடியாது.

ரிவ்யூவர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்: "தோற்கும் போன் ஒன்றைக் காட்டுங்கள்." வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு இந்த வருஷத்துக் கதவு சாத்தப்படும். விட்டால் அடுத்த வருஷம்.

தரமணி அலுவலக அலமாரியில் தேவானையின் போனுக்கு உடன்பிறப்பாக ஒன்று இருந்தது. அதை மேசைமேல் வைத்து, கேபிளைப் பிடுங்கிவிட்டு, எதிரே உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் கழித்து அது கணீரென்று அடித்தது. மறுபடி வைத்தான். மறுபடி அடித்தது. சாயங்காலத்துக்குள் ஆறு தடவை அடித்தது. நல்ல பிள்ளை.

பக்கத்து நாற்காலி ரெஹான் எட்டிப் பார்த்தான். "மச்சி, போனு அசையாம கெடந்தாதான் ஆழமா தூங்கும். இங்க ட்ரெயின் போவுது. கட்டடமே அதிருது. அது எங்க தூங்கும்?"

நியாயமாகத்தான் பட்டது. புதன்கிழமை பெரும்பாக்கத்துக்கே எடுத்துக்கொண்டு போனான். அக்கா படுக்கிற அதே தரை, அதே தலைமாடு. பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அடித்தது.

தேவானை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "என் போனு நாலு மணிக்குப் பொணமாட்டம் கெடக்குது. இது இன்னாடான்னா உனுக்கு பயந்துக்கினு அடிக்குது."

"எட்டாவது மாடி, மச்சி. காத்துல ஆடும்" என்றான் ரெஹான். வியாழக்கிழமை மயிலாப்பூரில் ரெஹானின் வீட்டுத் தரைதளத்தில் வைத்தார்கள். அங்கே பூமிக்கடியில் மெட்ரோ துளைத்துக்கொண்டிருந்தது. சமையலறையில் வைத்த டம்ளர்கள் மத்தியானத்துக்குள் தாமாகவே வாசலுக்கு வந்துவிடுவதாக ரெஹானின் அம்மா சொன்னாள். போன் அடித்தது. இந்தச் சென்னைப் பட்டணத்தில் ஒரு போன் கண்ணயர ஒரு சாண் இடம் இல்லையா என்று நெடுஞ்செழியன் புலம்பினான். நின்றால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. நாலு மணிக்கு அக்காவை எழுப்பிவிட்டு, விடியும்வரை மொட்டை மாடியில் நடந்தான்.

வெள்ளிக்கிழமை காலை கோட்டூர்புரம் நூலகம். ரயில் இல்லை, துளைக்கிற மெஷின் இல்லை. நீளமான வாசிப்பு மேசை. கோடியில் வெள்ளை வேட்டியும் தடித்த புத்தகமுமாக ஒரு பெரியவர். போனை வைத்துவிட்டு நெடுஞ்செழியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பத்தரைக்கு அடித்தது. நாலு பேர் திரும்பி முறைத்தார்கள். சத்தத்தைக் குறைத்துவிட்டு மறுபடி வைத்தான். பதினொன்றரைக்கு மறுபடி அடித்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

பெரியவர் புத்தகத்தை மூடினார். "ஏன்டாப்பா, நோக்குக் காலை ஆட்டாம உக்காரவே வராதா? ஒம்போதரைலேர்ந்து ஒரே வரியைப் படிச்சிண்டிருக்கேன். எழுத்தெல்லாம் கண்ணுக்கு முன்னாடி குதிக்கறது."

நெடுஞ்செழியன் குனிந்து பார்த்தான். அவனுடைய வலது கால், அவனிடம் கேட்காமல், தையல் மெஷின் போல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கால் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். பத்தாம் வகுப்பில் அவனோடு ஒரே பெஞ்சில் எழுதிய மூன்று பேருக்கும் கையெழுத்து டாக்டர் கையெழுத்தாகிவிட்டது. அதை வீணாக்க வேண்டாமென்று ஒருவன் டாக்டருக்கே படித்தான். வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போய், யாருமே அதைச் சொல்வதில்லை.

"சார், உங்க பேரு?"

"பத்ரிநாராயணன். எதுக்கு, கம்ப்ளெய்ன்ட் பண்ணப் போறியா?"

"இல்ல சார். ஒரு மணி நேரம் இந்தப் போனப் பாத்துக்குறீங்களா? தொடக் கூடாது. மேசைய ஆட்டக் கூடாது. அடிச்சா மட்டும் சொல்லணும்."

"நீ எங்க போவே?"

"தூரமா."

"அப்போ சரி" என்றார் பத்ரிநாராயணன், மிகுந்த திருப்தியோடு.

நெடுஞ்செழியன் வெளியே போய்க் கட்டடத்தைச் சுற்றி நடந்தான். பன்னிரண்டாவது சுற்றில் வாக்கிங் வந்த இருவர் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். முப்பதாவது சுற்றில் அவர்கள் பதினேழு பேர், எல்லோருக்கும் சர்க்கரை. ஒரு மணி நேரம் முடிந்தும் பத்து நிமிஷம் பொறுத்து உள்ளே ஓடினான்.

"அடிச்சுதா சார்?"

"மூச்சு விடலை."

நெடுஞ்செழியன் வாசிப்புக் கூடத்தில் கத்தக் கூடாது என்பதால் பத்ரிநாராயணனைக் கட்டிக்கொண்டான்.

அங்கேயே லேப்டாப்பைத் திறந்தான். அப்போதுதான் தன் டெஸ்ட்டின் மடத்தனம் புரிந்தது. போன் தூங்கியதா என்று பார்க்காமலேயே, எழுந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தது அது. விழித்துக்கொண்டு கிடந்தவனை எழுப்பிவிட்டதாகப் பெருமை. புதிதாக ஒரு படியைச் சேர்த்தான்: போன் தூங்கியதை முதலில் உறுதி செய்; நடுவே அசைந்திருந்தால் இந்த முறை செல்லாது, திரும்ப நடத்து. இன்னும் மூன்று முறை நடத்தினான். மூன்று முறையும் அவன் வெளியே நடந்தான், மூன்று முறையும் போன் வாயைத் திறக்கவில்லை. பதிவுகளை இணைத்து அனுப்பியபோது நாலு ஐம்பத்தாறு. நாலு ஐம்பத்தொன்பதுக்கு ரிவ்யூவர் சம்மதித்தார். காரணமும் கேட்டிருந்தார், ஏன் இந்தத் தோல்வி முதலிலேயே கிடைக்கவில்லை என்று. "உள்ளூர் அதிர்வு" என்று எழுதிவிட்டான்.

அந்தப் போன் கம்பெனி புதிய டெஸ்ட்டில் தோற்றது, இரண்டு மாதம் முணுமுணுத்தது, பிறகு சரிசெய்து எல்லாப் போனுக்கும் அப்டேட் அனுப்பியது. தேவானையின் போனுக்கு அது வந்த ராத்திரி, "இனிமே நான் கூப்ட மாட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டு நெடுஞ்செழியன் பல வாரங்களுக்குப் பிறகு முதல்முறையாகப் படுத்தான். தூக்கம் வரவில்லை. ஐந்தேகாலுக்கே அடையாறு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றான்.

பெரும்பாக்கம் பஸ்ஸிலிருந்து தேவானை இறங்கினாள். கண் இரண்டும் கோவைப்பழம்.

"அடிச்சுதாக்கா?"

"அடிச்சுதுடா. கரீக்டா நாலு மணிக்கு. கிண்ணுனு அடிச்சுது."

"அப்புறம் ஏன் கண்ணு இப்டி கீது?"

"அடிக்குதா இல்லையான்னு யாராவது பாக்கணுமே. ஒரு மணிலேர்ந்து கையில புட்ச்சிக்கினு உக்காந்துகினு கீறேன்."

"கையிலயா? அய்யோ அக்கா, கீழ வெக்கணும்! அது தூங்கணும், அப்பதான் தெரியும்."

"அது தூங்கிட்டா, எந்த நம்பிக்கைலடா நான் தூங்கறது?" என்றாள் தேவானை. பிந்திவிடுமோ என்று மெஸ்ஸைப் பார்த்து வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.