ஐந்தாவது பருத்திக்கொட்டை

இசக்கிச்செல்வி மாடியேறி வந்தபோது மேசையில் அவளுடைய நடைபொறி நாரை இல்லை. நோட்டில் அதன் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தது.

"நாரை எங்கலே?"

நந்தகோபால் பகடைகளைக் கையில் குலுக்கிக்கொண்டே இருந்தான். அவன் அப்பாவின் பெயின்ட் கடைக்கு மேலே உள்ள இந்த அறையில் ஒன்றரை வருடமாக ஞாயிறு மதியம் ஆட்டம் நடக்கிறது. கதையை அவன் சொல்லுவான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு நடக்கும் இயந்திரத்தை ஓட்டுவார்கள். நடந்ததா, விழுந்ததா என்று பகடை சொல்லும்.

வாங்கிய விதிப்புத்தகத்தில் இயந்திரம் கட்ட இரண்டே பக்கம்தான் இருந்தது. இசக்கி நாற்பது பக்கம் எழுதினாள். பொறியைத் தீப்பெட்டி அட்டையிலும் குச்சியிலும் செய்து மேசைக்குக் கொண்டுவர வேண்டும். நனைந்த கரிசலில் வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் காலுக்கு ஒரு பருத்திக்கொட்டை பாரம். ஐந்தாவது கொட்டையில் கால் எழாது. ஒரு முறை ஆட்டத்தை விட்டுவிட்டு மண்ணைச் சுரண்ட வேண்டும். வராதவர் பொறியின் காலடியில் ஒரு தீக்குச்சி வைப்பார்கள். அது தூங்குகிறது, யாரும் தொடக் கூடாது. எந்த விதியை மாற்றவும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"போன வாரம் நீ வரலைல்லா. கோட்டையைப் பிடிக்க ஆள் பத்தலை. நாரையை நாங்களே ஓட்டினோம். விழுந்துட்டு."

"யாரு ஓட்டுனா?"

நந்தகோபால் விஜயராஜைப் பார்த்தான். அவனுடைய சித்தி மகன். பெங்களூர் கம்பெனி வேலையை இங்கே வீட்டிலிருந்து பார்க்கிறவன், மூன்று வாரமாக ஆட்டத்துக்கு வருகிறான். அவனுடைய எட்டுக்கால் பொறி செருப்புப் பெட்டி அளவுக்கு மேசை நடுவில் நின்றது. கால்கள் மட்டும் ஊசி.

இசக்கி நோட்டைத் திருப்பினாள். 'கரிசல் விதி நீக்கம்.' கீழே நான்கு கையெழுத்து. நான்காவது அவளுடைய பெயர், நந்தகோபாலின் கோழிக்கிறுக்கலில்.

புரிந்தது. கரிசலில் நிற்பதற்கென்றே எட்டு மாதம் யோசித்து, அகலப் பாதமும் ஒல்லி உடம்புமாக அவள் கட்டியது நாரை. விதியை எடுத்துவிட்டால் காலில் ஒட்டாத அந்த மண்ணில், எட்டுக்கால் தார் ரோட்டில் போவதுபோல் கோட்டைக்கு முந்தி ஓடி, வழியில் நின்ற நாரையையும் இடித்துத் தள்ளியிருக்கும்.

"நான் ஏன் வரலைன்னு தெரியுமாலே? இடைசெவல்ல மழை. காட்டுப் பாதையில கரிசல் அப்பி ஸ்கூட்டி சக்கரமும் மட்காடும் ஒண்ணா இறுகிட்டு. ரெண்டு மணி நேரம் குச்சியை வச்சுக் குத்திட்டுக் கெடந்தேன். அந்நேரம் நீ இங்கன ஃபேனுக்குக் கீழ உக்காந்து, மண்ணு ஒட்டாதுன்னு என் பேர்ல கையெழுத்துப் போடுதே."

"ஏட்டி, வெளையாட்டுதான."

"விளையாட்டுன்னா கள்ளக் கையெழுத்து எதுக்கு?"

விஜயராஜ் சிரித்தான். "புதுசா ஒண்ணு கட்டிக்கோங்க. முப்பது புள்ளி கூடத் தரச் சொல்றேன். அடிக்கு அடி கொட்டை எண்ணிட்டிருந்தா கதை எப்ப நகரும்?"

"எண்ண வரலைன்னா வனிதாகிட்டக் கேளுங்க. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கா."

ஓரத்தில் இருந்த வனிதா நிமிரவில்லை. "நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

"சொல்லிட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கே."

இசக்கி படியிறங்கிப் போனாள். இன்று காலையிலும் தூறல், வந்த வழியில் மறுபடி மண் அப்பியிருந்தது. ஸ்கூட்டி மட்காடுக்குள் விரலை விட்டுத் தோண்டினாள். ஈரமாக, கனமாக, கை கொள்ளாத அளவு வந்தது. மேலே வந்து மேசையில் விரித்திருந்த ஆட்ட வரைபடத்தின்மேல் அதை அறைந்து பரப்பி, எட்டுக்காலைத் தூக்கி நடுவில் அழுத்தி நிறுத்தினாள்.

"ஏய், மேசை," என்றான் நந்தகோபால்.

"தொடைச்சுக்கிடலாம். ம், நடத்துங்க. மூணே அடி. நான் கொட்டை எண்ணலை."

விஜயராஜ் அலட்சியமாக ஒரு காலைப் பிடித்துத் தூக்கினான். குச்சி பொறியிலிருந்து கழன்று மண்ணிலேயே நின்றது. இன்னொன்றை மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தான். அதுவும் நின்றது. மூன்றாவதை அவன் தொடவில்லை. வனிதாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

நந்தகோபால் சிவப்புப் பேனாவைத் திறந்து, நான்காவது கையெழுத்தை அடித்தான். பிறகு நீக்கம் என்று எழுதிய வரியையும் அடித்தான். "சரி. போன வாரம் ஆட்டமே நடக்கலை." மேசைக்கடியில் இருந்த பழைய அட்டைப்பெட்டியைத் துழாவி நாரையை எடுத்து வைத்தான். ஒரு கால் மடங்கியிருந்தது.

கரிசல் அப்பிய விரலாலேயே இசக்கி அந்தக் காலை நிமிர்த்தினாள். பாதத்துக்கு அடியில் ஒரு தீக்குச்சியை வைத்தாள்.

"இன்னைக்கு ஆடலையா?" வனிதா கேட்டாள்.

"கையைக் கழுவிட்டு வாரேன். அதுக்குள்ள எவனாவது தொட்டுப் பாருங்க."