ஏழு முகாமுக்குச் சமைத்தவர்

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பள்ளிக்கூடத்தில் அறக்கட்டளையின் ஏழாவது இலவசக் கண் பரிசோதனை முகாம் நடந்தது. காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணி வரை நானூற்றுப் பன்னிரண்டு பேர் பரிசோதிக்கப்பட்டார்கள். மருத்துவர்களும் தொண்டர்களுமாக அறுபது பேருக்குப் பள்ளியின் பின்புறக் கொட்டகையில் சமையல் நடந்தது.

அச்சகம் நடத்திப் பொருள் சேர்த்த ஒருவர் தொடங்கிய அறக்கட்டளை அது. அவர் மறைந்த பிறகு கல்வி உதவியும் மருத்துவமும் மகளின் பொறுப்பு. இசைப் பள்ளியும் நாடக அரங்கும் மகனுடையவை. "அக்காவுக்குக் கண்ணு, எனக்குக் காது. மூக்குக்கும் ஒண்ணு ஆரம்பிச்சுட்டா அப்பா பேர்ல முழு முகமும் ஆயிடும்" என்று தம்பி சாப்பாட்டு மேசையில் சொல்வார். அக்கா சிரிக்க மாட்டார். கல்லூரிப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முகாமுக்கு வருபவர்கள் வெயிலில் நிற்கக் கூடாது என்று ஒவ்வொரு வருடமும் தானே போய்ப் பந்தலை அளந்து பார்ப்பவர். நல்ல மனுஷி என்றுதான் ஊரில் பேர்.

அவர் வீட்டில் பத்தொன்பது வருடமாகச் சமைப்பவரை எல்லோரும் சமையலம்மா என்றே கூப்பிட்டார்கள். வீட்டுக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறைதான் அவருக்கு வீடு. முகாம் நாளில் கொட்டகை அடுப்பும் அவர் பொறுப்பு.

இரண்டு வருடமாக அவர் வேலையில் பிசகு தெரிந்தது. டம்ளருக்குப் பக்கத்தில் டீயை ஊற்றினார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். ஒருமுறை வாசற்படியில் தடுமாறியபோது வீட்டு டிரைவர், "அடுப்படியில ராணி மாதிரி இருக்கீங்க, வாசலுக்கு வந்தா மட்டும் படி தெரிய மாட்டேங்குதே" என்று கிண்டல் செய்தார். "படி எங்க போகுது, எனக்குத்தான் அவசரம்" என்று சமையலம்மா சமாளித்துவிட்டார்.

பேராசிரியைக்குப் பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. டீ ஊற்றும்போது சமையலம்மா சுண்டுவிரல் நுனியை டம்ளரின் விளிம்புக்கு உள்ளே வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார். முகாமுக்கு இரண்டு வாரம் முன்னால் விருந்தினர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு டீயைத் தொடாமலே எழுந்து போனார். அந்த விருந்தினர் படி இறங்குவதற்குள் பேராசிரியை சமையலம்மாவைக் கூப்பிட்டு, இத்தனை வருடம் சமைத்தும் சுத்தம் தெரியவில்லையா என்று கேட்டார். மறுநாள் சமையலுக்கு வேறு ஆள் பார்க்கும்படி அறக்கட்டளை மேலாளரிடம் சொன்னார். சமையலம்மாவிடம், முகாம் முடிந்ததும் ஒரு விஷயம் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

அது என்ன விஷயம் என்று சமையலம்மாவுக்குத் தெரியும். கண் மங்குகிறது என்று சொன்னால் முகாம் வரைகூட வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார்.

முகாம் அன்று பதினோரு மணிவாக்கில், அந்த வருடம் புதிதாக வந்திருந்த கண் மருத்துவர் டீ கேட்டுக் கொட்டகைக்கு வந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண். பேராசிரியையும் கூடவே வந்தார். சமையலம்மா டம்ளரை எடுத்து, விளிம்பைத் தடவி, சுண்டுவிரலை உள்ளே வைத்து ஊற்றினார்.

"எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு? டாக்டர் முன்னாடியுமா?" என்றார் பேராசிரியை. வேறு டம்ளரில் தானே ஊற்றி நீட்டினார்.

மருத்துவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சமையலம்மாவுக்கு நேரே போய் நின்று, அவருடைய இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினார். இன்னொரு கையை உயர்த்தி எத்தனை விரல் என்று கேட்டார்.

"அடுப்பு பாக்கறவகிட்ட எதுக்குங்க டாக்டர் கணக்குப் பாடம்?" என்று சமையலம்மா சிரித்தார். மருத்துவர் சிரிக்கவில்லை. மறுபடியும் கேட்டார்.

"விரல் தெரியலைங்க. வெளிச்சம் தெரியுது."

மருத்துவர் அவரைக் கையைப் பிடித்துப் பரிசோதனை நடந்த வகுப்பறைக்கு அழைத்துப்போனார். பேராசிரியையும் பின்னாலேயே போனார். வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள். இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் அடுப்பில் அடிப்பிடித்த வாடை வகுப்பறை வரை வந்தது. சமையலம்மா இரண்டு முறை எழுந்திருக்கப் பார்த்தார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிருக்கு மேடம்" என்றார் மருத்துவர். "வலிக்காது, அதனால சீக்கிரம் தெரியாது. வலது கண்ணு போயிடுச்சு. போனது வராது. இடது கண்ணுல நடுவுல மட்டும் கொஞ்சம் இருக்கு. மருந்து போட்டா அதைக் காப்பாத்தலாம். டம்ளர் எவ்வளவு நிறைஞ்சதுன்னு பார்வை இல்லாதவங்க விரல் வச்சுத்தான் கண்டுபிடிப்பாங்க. சுத்தம் தெரியாம செஞ்சது இல்ல இது."

"முன்னாடியே பாத்திருந்தா?" என்று கேட்டார் பேராசிரியை.

"மூணு நாலு வருஷம் முன்னாடி பாத்திருந்தா ரெண்டுமே இருந்திருக்கும். இது எத்தனாவது முகாம்?"

"ஏழாவது."

"இவங்க எத்தனை முகாமுக்குச் சமைச்சிருக்காங்க?"

ஏழு முகாமுக்கும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பேராசிரியை சமையலம்மா பக்கம் திரும்பினார்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனேம்மா" என்றார் சமையலம்மா. குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. "மூணாவது முகாமப்போ கேட்டேன், நானும் ஒரு தடவை காட்டிக்கறேன்னு. நீங்க போய் வரிசையில நின்னுட்டா அடுப்பை யார் பாக்கறதுன்னீங்க. அதுவும் நியாயந்தானேம்மா. அறுபது பேர் சாப்பாடாச்சே."

பேராசிரியைக்கு நினைவு வந்தது. அன்று கையில் பந்தல் அளக்கும் நாடா இருந்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முகாம் முடிந்ததும் பார்க்கலாம் என்றும் சொன்னார். முகாம் முடிந்து ஆண்டறிக்கை வந்தது, அடுத்து உதவித்தொகை விண்ணப்பங்கள் வந்தன. பிறகு நான்கு முகாம் நடந்தன. அந்த நான்கிலும் அவர் சமையலம்மாவிடம் உப்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டிருந்தார்.

"பேசணும்னு சொன்னீங்களேம்மா" என்றார் சமையலம்மா. "இப்பவே சொல்லிடுங்க. எங்கயாவது இடம் பாக்கணும்."

வரிசையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியை வகுப்பறையின் சின்ன பெஞ்சில் சமையலம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க எங்கயும் போக வேண்டாம்" என்றார்.

அடுத்த மாதம் அறங்காவலர் கூட்டத்தில் ஆண்டறிக்கையைத் தம்பி வாசித்தார். ஏழு முகாம்களில் மொத்தம் இரண்டாயிரத்து அறுநூறு பேர் என்ற வரி வந்ததும் அக்கா அவரை நிறுத்தச் சொன்னார்.

தம்பிக்குக் காரணம் தெரியும். தெரிந்தா செய்தோம், அதையே நினைத்துக்கொண்டிருக்காதே என்று சமாதானம் சொன்னார்.

"தெரியாம செஞ்சேன்னு சொல்ல முடியாதுடா. அவங்க கேட்டாங்க, நான் அடுப்பை நினைச்சேன். வெளியில இருக்கிறவங்களுக்குச் செஞ்சா நமக்குப் பேரு கிடைக்குது. நம்மகிட்ட வேலை செய்யறவங்களுக்குச் செஞ்சா யாரும் எழுத மாட்டாங்க, ஆனா முதல் கடமை அதுதான். அதைச் செய்யாம ஊருக்குச் செஞ்சது தர்மம் இல்ல, விளம்பரம். இதையும் அறிக்கையில போடு."

கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வரிகளை அச்சிட வேண்டாம் என்று பெரும்பான்மையோர் முடிவு செய்தார்கள்.

எட்டாவது முகாம் அடுத்த மார்ச்சில் நடந்தது. சாப்பாடு வெளியிலிருந்து வந்தது. முகாமுக்கு முதல் நாள், அறக்கட்டளையிலும் அந்தக் குடும்பத்தின் வீடுகளிலும் வேலை செய்யும் பதினான்கு பேருக்குத் தனியாகப் பரிசோதனை நடந்தது. ஐந்து பேருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள்; டிரைவருக்கும் ஒன்று. சமையலம்மா அதே வீட்டில், அதே சம்பளத்தில், உதவிக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு சமைக்கிறார். இடது கண்ணுக்குத் தினம் இரண்டு வேளை பேராசிரியை சொட்டு மருந்து போடுகிறார். வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை.