என்னையே பார்க்கிறான்

வர வேண்டிய குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்ததும், என் மகனையே அழைத்துவரச் சொல்லிவிட்டேன். கைக்குழந்தைகளுக்குத் திரையில் படம் காட்டி, எதை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அளக்கும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, குழந்தை பார்க்கும்வரை பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

நாத்தனார் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் வேலைக்குத் திரும்பியதிலிருந்து அவனைப் பார்த்துக்கொள்வது அவள்தான். சாயங்காலம் நான் கை நீட்டினால் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். "அம்மாடா, போடா செல்லம்" என்று சமாதானம் செய்வாள் பாருங்கள், அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் பிள்ளைக்கு என்னை அறிமுகப்படுத்த இவள் யார்?

வழக்கமான படங்கள் முடிந்தன. ஆய்வை நடத்தும் மேடம் டீ குடிக்கப் போயிருந்தார். என் புத்தி எங்கே போனதோ, செல்போனிலிருந்து இரண்டு படங்களைத் திரையில் ஏற்றினேன். ஒரு பக்கம் அவள் முகம், மறு பக்கம் என் முகம்.

அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான், திரும்பியவன் நகரவே இல்லை. வாயைப் பிளந்து, கண் கொட்டாமல் பார்த்தான். பொத்தானை அமுக்கியபடியே இருந்து எனக்கு விரல் வலித்தது.

"பாத்தீங்களா அண்ணி! என்னைக் கண்டுக்கவே இல்ல. உங்களையேதான் பாக்குறான்." மடியில் அவனை வைத்தபடி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கலங்கிய கண்ணை அவன் தலைமுடியில் மறைத்துக்கொண்டாள்.

வேறு வேலையில் இருந்திருந்தால் நானும் துள்ளிக் குதித்திருப்பேன். இங்கே வரும் ஒவ்வொரு அம்மாவிடமும் நான் சொல்வதுதானே: நன்றாகப் பழகிவிட்ட முகத்தைக் குழந்தை சட்டை செய்யாது, அரைகுறையாகத் தெரிந்ததையோ புதிதாக வந்ததையோதான் விடாமல் பார்க்கும். எல்லாக் குழந்தையும் அப்படியில்லை என்றும் சேர்த்துச் சொல்வேன். அதை எனக்கே சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

அவன் அவளைக் கண்டுகொள்ளாததன் காரணத்தைச் சொன்னால் அவள் முகம் மலர்ந்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது.

"பின்னே, பெத்தவ இல்லையா?" என்றேன்.

பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் மடியில் சாய்ந்து, அவள் விரலைப் பார்க்காமலேயே தேடிப் பிடித்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணாடியிலும் பார்த்துக்கொண்டிருந்தான்.